பதில் தட்டு

நேற்று மாலை அந்தக் கம்பி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சுவாதிக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்ற இரும்புக் கம்பத்திலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்கு மிச்சமிருந்த அறுந்த கம்பி, தலை கவிழ்ந்து, நுனியில் மழைத்தண்ணீர் சொட்டத் தொங்கியது. இப்போது காப்பி டம்ளரோடு கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் அது நேராக நிற்கிறது. எதிர் மலையைப் பார்த்து, விறைப்பாக. மூடுபனிக்குள் யாரோ நின்று மறுமுனையைப் பிடித்து இழுப்பதுபோல.

அட, இதற்கு என்ன கேடு? எஃகு முறுக்குக் கம்பி, குளிரில் இறுகியிருக்கும். அவ்வளவுதான். பெங்களூரில் ஹெலிகாப்டர்களைப் பிரித்துப் பூட்டுகிற இன்ஜினியர் அவள். இரும்பைக் கண்டு பயந்தால் பிழைப்பு ஓடுமா? அப்படித் தனக்குத்தானே சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி அதிர்ந்தது.

டண். டண்.

இரும்பை இரும்பால் தட்டிய சத்தம். டம்ளரில் காப்பி வளையமாக நடுங்கியது. அதற்குப் பிறகு வந்த அமைதிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறவர்களின் அமைதி அது. மழை பெய்துகொண்டேயிருந்தது. அவள் திரையை இழுத்து மூடினாள்.

தேவாலாவுக்கும் நாடுகாணிக்கும் இடையில் இருக்கிற அந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு அவள் வந்தது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ஒன்றரை மாதத்துக்கு முன் அவள் தம்பி கிருத்திக் ஓட்டி வந்த ஹெலிகாப்டர் இந்தப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. முதலாளியைக் கோயமுத்தூருக்கு ஏற்றிப் போக வந்தவன். தனியாகத்தான் இருந்தான். மூடுபனியில் சில்வர் ஓக் மரத்தில் மோதினான் என்றார்கள். அதோடு விட்டிருந்தால்கூட அவள் அழுதுவிட்டு அடங்கியிருப்பாள். பைலட் குடித்திருந்தான் என்றார்கள். சிதைந்து கருகிய ஹெலிகாப்டருக்குள் ஒரு பிராந்தி பாட்டில் மட்டும் கீறல்கூட விழாமல் கிடந்ததாம்! விசாரிக்க வந்தவர்களும் அதை எழுதிக்கொண்டு போனார்கள். சோதித்துப் பார்க்க உடம்பு என்று ஒன்று மிஞ்சவில்லை. செத்தவன் வந்து மறுக்கமாட்டான் என்பது எல்லாருக்கும் எவ்வளவு வசதி!

பறக்கிற நாளில் இருமல் மருந்தைக்கூட வாயில் வைக்காதவன் கிருத்திக். அருவங்காடு குவார்ட்டர்ஸில் அம்மா இப்போது பால் வாங்கக்கூட வெளியே வருவதில்லை. "குடிகாரனப் பெத்தவ"ன்னு முதுகுக்குப் பின்னாடி சொல்றாங்க சாமி, என்றாள் போனில். அன்றைக்கே சுவாதி முடிவுசெய்துவிட்டாள். அந்தப் பாட்டிலை வைத்த கை எது என்று தெரிய வேண்டும். தெரிந்தபின் அந்தக் கை சும்மா இருக்கக் கூடாது.

சாவிக்கொத்துச் சத்தம் முதலில் வந்தது. பின்னாலேயே மேனேஜர் மயில்சாமி வந்தார். இடுப்புக் கயிற்றில் எஸ்டேட்டின் அத்தனை பூட்டுகளையும் கட்டிக்கொண்டு நடக்கிற மனுஷன்.

"நல்லாத் தூங்குனீங்களா அம்மிணி? சாயங்காலம் வண்டி சொல்லீட்டேனுங்க. கூடலூர்ல எறக்கி உட்ருவாங்க."

"ஏனுங்க சார், அந்தக் கம்பிய யாரு அறுத்தது?"

"நம்ம பசங்கதானுங்க. ஸ்ட்ரெச்சர் கொண்டுபோகத் தடையா இருந்துச்சு, ஹாக்ஸா ரம்பத்தால அறுத்துட்டாங்க. ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னாடியே கம்பியத் தளத்திக் கீழ எறக்கியாச்சுங்க. ரூல்ஸ்னா ரூல்ஸ்தானுங்களே."

"எறக்குனது யாரு?"

"தினகரன்தான் இந்த முனையில நின்னு மூட்டை வாங்கறவன். முந்தின நாளே எறக்கிப்போட்டு லீவுல போய்ட்டான். நான் ஆபீஸ் ஆளுங்க அம்மிணி. அந்தக் கம்பிப் பக்கமே போனதில்லை. அதுல என்னமோ தட்டுவாங்க, கொட்டுவாங்க, அதெல்லாம் நமக்கென்ன தெரியும்?"

பேசிய நேரமெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. திரை மூடியிருந்தும் அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டியே நின்றார். அதை அவள் மனசில் குறித்துக்கொண்டாள்.

மேல் டிவிஷனுக்கு ஜீப்பில் போனாள். பள்ளத்தின் எதிர்ப்பக்கம் அது. அங்கே பறிக்கிற கொழுந்தை ரோட்டில் சுற்றிக் கொண்டுவந்தால் பாதி நாள் போய்விடும். அதனால் மலைக்கு மலை ஒரு கம்பி கட்டி, மூட்டையைக் கப்பியில் மாட்டி விட்டுவிடுவார்கள். சரிவில் அது பறந்து வந்து கீழே மேடையில் கட்டிய டயர்களில் மோதி நிற்கும். மேல் முனையில் நிற்பவர் வடிவேல். சிறுபிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர், கண்டிப் பக்கத்துப் பேச்சு இன்னும் விடவில்லை.

பள்ளத்தில் விழுந்த தன் பக்கத்துக் கம்பியை அவர் இழுத்துச் சுருட்டி வைத்திருந்தார். சுவாதி அதன் நுனியை விரலில் எடுத்தாள். ஹாக்ஸாவில் அறுத்த கம்பியின் முனை மட்டமாக இருக்கும். இது சீவின பென்சில் மாதிரி மெலிந்து கூராக இருந்தது. இறுக்கி நின்ற கம்பி இழுபட்டு அறுந்தால்தான் இப்படி வரும். இழைகளுக்கு நடுவே வெள்ளைப் பெயின்ட் செதில்கள். கிருத்திக்கின் ஹெலிகாப்டர் வெள்ளை.

"கம்பி மேலதான் இருந்திருக்கு. எறக்கவே இல்ல. அறுந்ததுக்கப்புறம் கீழ் முனைய மட்டும் அறுத்து மட்டமாக்கியிருக்காங்க" என்றாள். "உங்களுக்குத் தெரியும்தானே?"

வடிவேல் தரையைப் பார்த்தார். "அன்னைக்குக் கொழுந்து குமிஞ்சு கெடந்துச்சு புள்ள. கம்பிய எறக்கித் திரும்ப ஏத்தினா அரைநாள் போயிரும், கொழுந்து மூட்டைக்குள்ளயே வெந்துரும். ஹெலிகாப்டரு எப்பவும் அந்தப் பக்கமாத்தான் வரும், கம்பிய ஓட்டுங்கன்னு மேனேஜர் தொரை சொல்லியிருந்தாரு. நான் ரெண்டு தட்டு தட்டினேன். கீழ இருந்து ஒரு தட்டு வந்துச்சு. மூட்டைய விட்டேன். மூட்டை நடுவுல போகையில மிஸ்ட்டுக்குள்ள இருந்து அது…"

"ரெண்டு தட்டுன்னா?"

"அனுப்பட்டுமான்னு கேக்குறது. ஒரு தட்டுன்னா அனுப்புன்னு பதில். பதில் வராம மூட்டைய விடமாட்டோம், கீழ நிக்கிற ஆளு மேல மோதிரும். எவ்வளவு நேரமானாலும் காத்துக்கிட்டு நிப்போம். வேண்டாம், நிறுத்துன்னா விடாம அடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"தினகரன் லீவு. அப்ப பதில் தட்டினது யாரு?"

"ஆளத் தெரியல. ஆனா அது தட்டுற இரும்பில்ல. அத தினகரன் பொட்டியில வச்சுப் பூட்டிட்டுப் போயிருந்தான். 'கிளிங்'னு சின்னச் சத்தம்."

கிளிங். சுவாதிக்குக் காலையில் அறை வாசலில் கேட்ட சத்தம் காதுக்குள் திரும்ப வந்தது. ஆனால் சாவிக்கொத்தை வைத்து யாரையும் பிடித்துக் கொடுக்க முடியாது. அவன் கையே அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

"இத்தன நாளா வாயில என்ன வெச்சிருந்தீங்க?" என்று வெடித்தாள்.

"லயத்து வீட்ட விட்டு எறக்கிவிட்டா எங்க போவேன் புள்ள? திரும்பக் கண்டிக்கா?" அவர் கண் கலங்கியது. பிறகு, தன்னைத் தேற்றிக்கொள்கிறவர் மாதிரி சொன்னார். "கீழ நின்னு பழகினவனுக்கு ரெண்டு தட்டு விழுந்தாப் போதும், கை தானாப் போகும். எங்க லயத்துல எவனாச்சும் கதவ ரெண்டு தட்டு தட்டினா, உள்ள ஒரு தட்டு தட்டிட்டுத்தான் எந்திரிப்பான். தூக்கத்துலகூட."

அந்த இடத்திலேயே அவள் திட்டம் போட்டாள். கம்பத்துக்குப் பின்னால் கம்பியை இறுக்கித் தளர்த்துகிற வின்ச் ஷெட் இருக்கிறது. மிச்சக் கம்பி அதற்குள் போய்த்தான் சுற்றியிருக்கிறது. நாலு மணிக்கு வடிவேல் அதற்குள் ஒளிந்து இரண்டு தட்டு தட்ட வேண்டும். மயில்சாமியைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவது அவள் பாடு. காலையில் கம்பியில் கேட்ட சத்தத்தைப் பற்றி வடிவேலிடம் கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. முதலில் பேக்டரிக் கூரை போனது, பிறகு ஹெலிபேடின் வெள்ளை வட்டம், பிறகு தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக, கடைசியில் பகலையே அணைத்துவிட்ட மாதிரி ஆகி, மிச்சமிருந்ததெல்லாம் சில்வர் ஓக் இலைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், எங்கோ மூச்சுவிடுகிற பேக்டரி மோட்டாரும், ஈரச்சாக்கின் புளித்த வாடையும், அதற்கடியில் மெல்லிசாக இன்னொரு வாசனையும்தான். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் நகக்கண்ணில் தங்குகிற விமான எரிபொருள். எரிந்த எரிபொருள். ஒன்றரை மாத மழை கழுவிவிடாதா? கழுவியிருக்க வேண்டும்.

மேடைக்கு அவள் முதலில் வந்தாள். சால்வைக்குள் தினகரனின் தட்டுற இரும்பு இருந்தது. கைக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று வடிவேல் அவனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தனுப்பியது. கம்பி இன்னும் நேராகத்தான் நின்றது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தொடக் கூடாது என்றும் தோன்றியது. தொடாமலே தெரிந்தது. முனகிக்கொண்டிருந்தது. காதுக்குக் கேட்காமல் பல்லில் கூசுகிற முனகல்.

"இங்கதானே அவன் கடைசியாப் பறந்தான். ஒரு சூடம் காட்டிட்டுக் கெளம்பறேன், நீங்களும் நில்லுங்க சார்" என்று சொல்லியிருந்தாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்? குடையோடு வந்து நின்றார். ஆனால் கம்பத்துக்கு நாலு அடி தள்ளி.

"கிட்ட வாங்க சார். காத்துக்கு மறைங்க."

வந்தார். வேறு வழியில்லை. செவ்வந்திப் பூவைக் கம்பத்தின் அடியில் வைத்து, சூடத்தைப் பற்றவைத்தாள். சுடர் காற்றடித்த திசையில் சாயவில்லை. சுற்றியது. மெல்ல, வட்டமாக. அவள் தலைமுடி நெற்றியிலிருந்து கீழ்நோக்கி அமுங்கியது. மேலிருந்து வருகிற காற்று, ஹெலிகாப்டர் விசிறி அடிக்கிற மாதிரி. அந்தக் காற்றுக்கடியில் அவள் பத்து வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். மேடையைச் சுற்றிச் செடிகள் வட்டமாகப் படுத்தன.

"காத்து ஒரு மாதிரி இருக்குதுங்க அம்மிணி. போலாங்களா?"

டண். டண்.

சத்தம் பின்னாலிருந்து வந்திருக்க வேண்டும், ஷெட்டிலிருந்து. முன்னாலிருந்து வந்தது. பள்ளத்திலிருந்து. அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அவள் கண் மயில்சாமியின் வலது கையில் இருந்தது. அது இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்தை எடுத்தது. கம்பியில் தட்டியது.

கிளிங்.

தட்டிவிட்டு அவரே தன் கையைப் பார்த்தார், யாருடைய கையோ என்பதுபோல.

மாட்டினாயா! சந்தோஷத்தில் சுவாதிக்குக் கண் இருட்டியது. "கம்பிப் பக்கமே போனதில்லைன்னீங்களே சார்? பதில் தட்ட யாரு சொல்லிக் குடுத்தாங்க?" பதிலுக்குக் காத்திராமல் திரும்பிக் கத்தினாள். "வடிவேலண்ணே! போதும், வெளிய வாங்க!"

"இந்தா வந்துட்டேன் புள்ள!"

குரல் ஷெட்டிலிருந்து வரவில்லை. ரோட்டுப் பக்கமிருந்து வந்தது. வடிவேல் தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்க, படியேறி வந்தார். "வழியில மரம் விழுந்து கெடக்கு, வண்டி வரல. குறுக்கால நடந்தே வாறேன். நேரம் போயிருச்சா?"

சுவாதி ஷெட் கதவைப் பார்த்தாள். வெளித்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

"நீங்க தட்டலையா?"

"இப்பத்தானே வாறேன்?" வடிவேல் அவளைப் பார்த்தார், பிறகு கம்பியில் இருந்த மயில்சாமியின் கையைப் பார்த்தார். "தொரை… பதில் தட்டினீங்களா?"

மயில்சாமி கையை இழுத்துக்கொண்டிருந்தார். கை வரவில்லை. விரல்கள் சாவிக்கொத்தோடு கம்பியைச் சுற்றி இறுகியிருந்தன.

கம்பி உரக்க முனகியது. மூடுபனி அதன் நுனியைத் தாண்டி விலகியது. நுனி என்று ஒன்று இல்லை. அறுந்த இடத்துக்கப்பாலும் கம்பி போய்க்கொண்டிருந்தது. கறுத்து, நனைந்து, எதிர் மலை வரை.

"எடுக்க முடியலீங்க!" மயில்சாமி அலறினார். "அம்மிணி, ஏதாச்சும் இரும்ப எடுங்க! அடிங்க! நிறுத்தச் சொல்லி அடிங்க!"

"எனக்கென்ன தெரியும் சார், தட்டறதும் கொட்டறதும்?"

"விடாம அடிக்கோணுங்க! கால்ல உழுகறேன்! அடிங்க!"

"என் தம்பி குடிச்சிருந்தானா?"

"இல்லீங்க! இல்லீங்க சாமி! கம்பிய எறக்கலீன்னு தெரிஞ்சா வேலை போயிரும்னு… பாட்டில நாந்தானுங்க வெச்சேன்! நாந்தான்!"

வடிவேல் கேட்டார். அவள் கேட்டாள். இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அம்மா நாளைக்கே தலை நிமிர்ந்து பால் வாங்கப் போகலாம். இப்போது இரும்பை ஓங்கி அடித்தால் போதும்.

அவள் அடிக்கவில்லை. கை சால்வைக்குள் இரும்பை இறுகப் பிடித்திருந்தது. நன்றாகப் பிடித்துக்கொண்டு, நின்றாள். எரியட்டும் என்று நினைத்தாள். என் தம்பி எரிந்தானே.

"புள்ள, அடி!" வடிவேல் கத்தினார்.

மயில்சாமியின் கால் மேடையை விட்டு எழுந்தது. கம்பி சரிவானது, எதுவும் கீழ்நோக்கித்தான் வரும். அவர் மேல்நோக்கிப் போனார். ஒரு கையில் தொங்கியபடி, குடை உருண்டு விழ, ஒரு செருப்பு கழன்று விழ, பள்ளத்துக்கு மேலே, மூடுபனிக்குள். அலறல் தேய்ந்தது. மேலே எதுவோ சுழல்கிற சத்தம், தப், தப், தப், கொஞ்சநேரம் கேட்டது. பிறகு நின்றது.

மழை சொட்டியது. சூடம் அணைந்திருந்தது.

"போயிரலாம் புள்ள" என்றார் வடிவேல். அவள் திரும்பினாள். படி தெரியவில்லை. மூடுபனி மேடையின் விளிம்பு வரை வந்து நின்றிருந்தது. கால் வைத்துத் தேடினாள். படி இல்லை.

கம்பியில் கப்பி உருள்கிற சத்தம்.

அது வேகமாக வரவில்லை. மெதுவாக, ஆடி ஆடி வந்து, டயரில் மெத்தென்று முட்டி நின்றது. ஒரு கொழுந்து மூட்டை. நிறைமூட்டை. வாய் எஃகு இழையால் தைத்திருந்தது. அடியிலிருந்து எதுவோ சொட்டியது. வெந்த கொழுந்தின் வாடை.

மூட்டை அசைந்தது.

டண். டண்.

யாரும் பதில் தட்டவில்லை. வடிவேல் இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவாதி தன் கையைப் பார்த்தாள். அசையவில்லை. நல்லவேளை. பதில் தட்டாமல் இருந்தால் அடுத்தது வராது. வராது.

கிளிங்.

மூட்டைக்குள்ளிருந்து.

கம்பி முனக ஆரம்பித்தது.

இப்போது அடித்தாள். சால்வையை உதறி எறிந்து, இரும்பை இரண்டு கையாலும் பிடித்து, நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்று, தோள் கழன்றுவிடும்போல, டண்டண்டண்டண் என்று விடாமல் அடித்தாள். "கிருத்தி! போதும்டா! அக்காடா!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். மூடுபனிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மூச்சு முட்டி ஒரு நொடி கை நின்றது.

டண். டண், என்றது மேலே.

மூட்டைக்குள்ளிருந்து சாவிக்கொத்து ஒரு முறை தட்டியது: அனுப்பு.